அம்பாளும் ஆண்டாளும் வழக்காடிய கதை

சென்னைப் பட்டணத்து மூக்குப் பொடிக்கு ஒரு காலத்தில் இருந்த மகிமையை இந்தக் காலத்து இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்வது சிரமமான காரியம். சங்கீத வித்துவான் ஆலாபனையைத் துவக்குவதற்கு முன்பும், வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்திருப்பதற்கு முன்பும், உபாத்தியாயர் பிரம்பைக் கையில் எடுப்பதற்கு முன்பும் மடியிலிருந்து ஒரு சிறு டப்பி வெளியே வரும். ஒரு சிட்டிகை உள்ளே போகும். அதன் பிறகுதான் மற்றக் காரியமெல்லாம். 'பட்டணம் பொடி' என்றால் தென்னாடு முழுவதும் அவ்வளவு மதிப்பு. அந்தப் பொடியின் காரணமாக இரண்டு தெய்வங்களின் திருநாமங்கள் கோர்ட்டுப் படி ஏறி, கடைசியில் டில்லி ஸுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் வந்தன என்றால் நேயர்கள் நம்புவார்களோ, என்னவோ! தீர்ப்புத் தொகுதிகளில் அது அச்சாகியிருக்கிறது. தீர்ப்பின் தேதி 1969-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி.

விஷயம் இதுதான். சென்னையில் ஸ்ரீ அம்பாள் கம்பெனியார் பொடி தயாரித்து விற்று வந்தார்கள். நீரின்மேல் மிதக்கும் ஓர் உலக உருண்டை. அதன்மேல் அம்பாள் வீற்றிருக்கிறாள். மேலே 'ஸ்ரீ அம்பாள் பரிமளப் பொடி' என்ற எழுத்துக்கள். இதுதான் அவர்களுடைய சீட்டு. அதையும் 'ஸ்ரீ அம்பாள்' என்ற சொல்லையும் அவர்கள் சர்க்கார் ரிஜிஸ்தரில் பதிவு செய்திருந்தார்கள். 1958-ஆம் வருஷத்தில் சென்னையிலேயே மற்றொரு பொடி வியாபாரி ஒரு மனுப் போட்டார். அவருடைய சீட்டிலும் ஒரு தேவியின் படம். கீழே 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயர். அம்பாள் கம்பெனியார் ஆட்சேபித்தார்கள்.

ஆட்சேபம் விசித்திரமாகத் தோன்றலாம். அம்பாள் பரமேசுவரனுடைய பத்தினி. ஆண்டாளோ ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த திருமகள், அரங்கனை மணந்தவள். இருவரையும் குழப்பிக்கொள்ளும் தமிழ்க் குழந்தை எங்கே இருக்கிறது? எழுத்திலும் ஒன்று குறில், மற்றொன்று நெடில். ஒன்றில் 'ம்பா', மற்றொன்றில் 'ண்டா'. ரிஜிஸ்திராரும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். சில எழுத்துக்கள் பொதுவாக இருந்தாலும் இரண்டு ஓசைகளும் அவ்வளவு நெருங்கியவை அல்ல என்று சொல்லிவிட்டார்.

ஹைகோர்ட்டு அவ்வாறு நினைக்கவில்லை. முதலில் ஒரு நீதிபதி விசாரித்தார். பிறகு அப்பீலில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். இரண்டு தீர்ப்பும் அம்பாள் கம்பெனியாருக்கே சாதகமாயின. வாயால் சொல்லிக் காதால் கேட்கும்போது இரண்டு பெயர்களும் ஒன்றாகவே ஒலிக்கின்றன என்பது அவர்கள் முடிவு. ஸுப்ரீம் கோர்ட்டும் அதையே ஊர்ஜிதம் செய்தது. ஒரு பெயர் கண்ணுக்கு எப்படிப் படுகிறது என்பது மட்டும் போதாது, காதுக்கு எப்படிப் படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்பாள் பொடி போட்டுப் பழகியவருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். சாந்தமான ஒரு தேவியின் படமும் மங்கலாக நினைவிருக்கும். சைவ தேவிக்கும் வைணவ தேவிக்கும் உள்ள நுட்பமான பேதங்களை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பொடி போடுகிறவர் ஆகம சாஸ்திரத்தில் பரீட்சை எழுதிவிட்டா கடைக்கு வருகிறார்?

பெயரை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர் என்ற கேள்வியும் எழுந்தது. வியாபாரி அதற்கு ஒரு சமாதானம் தெரிவித்தார். நீதிபதிகளுக்கு அந்தச் சமாதானம் திருப்தி அளிக்கவில்லை. ஆண்டாளுக்குப் பதிவு மறுக்கப்பட்டது.

யாருக்காக இந்தச் சட்டம்?

இந்த வழக்கை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வியாபாரக் குறி, அதாவது 'டிரேட் மார்க்', என்றால் அது முதலாளிமார்களுடைய சொத்து, பெரிய கம்பெனிகளுடைய சண்டை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். சொத்துத்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொத்தின் அளவை நிர்ணயிக்கிறவர் முதலாளி அல்லர். அவசரமாகக் கடைக்கு வந்து, பாதி நினைவோடு பெயரைச் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறாரே, அந்த மனிதர்தான். அவர் ஏமாறுவாரா, மாட்டாரா? கோர்ட்டு கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். இரண்டு சீட்டுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூதக் கண்ணாடியால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது அங்கே செல்லாது. கடைக்கு வருகிறவர் பழைய சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டா வருகிறார்?

நம் தேசத்தில் இதற்கு ஒரு விசேஷ முக்கியத்துவம் இருந்தது. நமது ஜனங்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களாக இருந்த காலத்தில், சரக்கின் பெயர் படமாகவே இருந்தது. யானை மார்க், கிளி மார்க், மான் மார்க் என்று குழந்தையைக் கடைக்கு அனுப்புவார்கள். மான்செஸ்டர் ஆலைக்காரர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளின்மேல் அவர்கள் ஒட்டிய வர்ணச் சீட்டுக்களில் லக்ஷ்மி இருப்பாள், கிருஷ்ணன் இருப்பான். துணி அந்நியத் துணி. சீட்டில் மட்டும் நம்முடைய சுவாமி. துணி கிழிந்து போன பிறகும் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிப் பூஜித்த வீடுகள் உண்டு.

சுதேசி இயக்கம் வலுத்தபோது மோசடி வேறு உருவம் எடுத்தது. கதருக்கு மதிப்பு வந்தவுடன் ஆலைத் துணியும் 'கதர்' என்ற பெயரோடு கடைவீதிக்கு வந்தது. இராட்டையில் நூற்ற ஏழை ஸ்திரீக்குப் போக வேண்டிய காசு ஆலைக்குப் போயிற்று; வாங்கினவரோ தேச சேவை செய்துவிட்டதாகத் திருப்தியோடு வீடு திரும்பினார். 1925-இல் ஏற்பட்ட அகில பாரத சர்க்கா சங்கம் உண்மைக் கதர்க் கடைகளுக்கு அத்தாட்சி வழங்கியது. 1934-ஆம் வருஷத்தில் 'கதர்ப் பெயர்ப் பாதுகாப்புச் சட்டம்' ஒன்றும் வந்தது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி நூலைக் கொண்டு இந்தியாவிலேயே கைத்தறியில் நெய்த துணிதான் 'கதர்', 'காதி' என்ற பெயர்களுக்கு உரியது என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. ஆண்டு கொண்டிருந்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு வேடிக்கையான சட்டம் என்பது விளங்கும்.

மஹாத்மாவின் பெயரே தப்பவில்லை. தமது பெயரைச் சிகரெட்டுக்குச் சூட்டியிருப்பதை அறிந்து 1921-இல் 'யங் இந்தியா'வில் அவர் மனம் நொந்து எழுதினார். இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. 1950-ஆம் வருஷத்துச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தின்படி மஹாத்மா காந்தியின் பெயர், உருவப்படம், தேசியக் கொடி முதலியவற்றை அனுமதியின்றி வியாபாரத்துக்கு உபயோகிக்கலாகாது; டிரேட் மார்க்காகப் பதிவு செய்யவும் ஆகாது.

சட்டம் வந்த வழி

இங்கிலாந்தில் டிரேட் மார்க் ரிஜிஸ்தர் திறந்தது 1876-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி. அதில் முதலாம் எண்ணாகப் பதிவானது பாஸ் என்ற பீர்க் கம்பெனியாரின் சிவப்பு முக்கோணம். நமக்கு அப்படி ஒரு ரிஜிஸ்தர் கிடைக்க 1940-ஆம் வருஷத்துச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு இந்திய வியாபாரிகள் என்ன செய்தார்கள்? 'இன்ன சீட்டு எங்களுடையது' என்று ஒரு பிரகடனம் எழுதிப் பத்திரப் பதிவு ஆபீஸில் பதிந்து வைப்பார்கள். பத்திரிகைகளில் 'எச்சரிக்கை' என்று தலைப்பிட்டு விளம்பரம் செய்வார்கள். போலி கிளம்பினால் கோர்ட்டுக்குப் போய், அந்தப் பெயருக்குத் தமக்குள்ள கீர்த்தியை ஒவ்வொரு தடவையும் ஆதியிலிருந்து ருசுப்பிக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு 1958-இல் ஒரு சட்டமும் 1999-இல் ஒரு சட்டமும் வந்தன. இப்போது அமலில் இருப்பது 1999-ஆம் வருஷத்துச் சட்டம். 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. சரக்குகளுக்கு மட்டும் என்றிருந்த பதிவு, ஹோட்டல், வைத்தியம், பள்ளிக்கூடம் முதலிய சேவைகளுக்கும் அதனால் கிடைத்தது.

பெயர் வைக்கும் கலை

"இதெல்லாம் சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிற நேயர்களுக்காக ஓர் உதாரணம். கும்பகோணத்தில் ஓர் அம்மாள் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நார்த்தங்காய் ஊறுகாய்க்கு நாலு தெரு தாண்டியும் பெயர் பரவுகிறது. இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்.

முதலில் மனசுக்குத் தோன்றுவது 'சுவை ஊறுகாய்'. கூடாது. சரக்கின் குணத்தையே சொல்லும் சொல்லைத் தனி ஒருவருக்குச் சட்டம் எழுதிக் கொடுக்காது. தம் ஊறுகாயைச் சுவையானது என்று சொல்லிக்கொள்ள ஊரில் உள்ள எல்லா ஊறுகாய்க்காரர்களுக்கும் பாத்தியதை உண்டே! பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. ஐ.டி.ஸி. கம்பெனியார் தங்கள் உடனடி நூடுல்ஸின் மசாலாவுக்கு 'மாஜிக் மசாலா' என்று பெயர் வைத்தார்கள். நெஸ்லே கம்பெனியார் 'மாஜிகல் மசாலா' என்று கிளம்பினார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் வருஷக்கணக்கில் நடந்து, 2020 ஜூன் மாதத்தில் தீர்ப்பாயிற்று. 'மாஜிக்' என்பது சரக்கைப் புகழ்ந்து சொல்லும் சாதாரண வார்த்தை, ஒருவர் அதை ஏகபோகமாக்கிக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பு.

அடுத்துத் தோன்றுவது 'கும்பகோணம் ஊறுகாய்'. அதுவும் உதவாது. ஊரின் பெயர் ஊராருக்குச் சொந்தம். ஓர் ஊரின் மண்ணாலும் நீராலும் கைப்பழக்கத்தாலும் ஒரு சரக்குக்குத் தனிக் கீர்த்தி ஏற்பட்டிருந்தால், அதற்குப் 'புவிசார் குறியீடு' என்ற வேறு பதிவு இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகியவை அந்தப் பதிவைப் பெற்றவை. அது அந்த வட்டாரத்து உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான கௌரவம். ஒரு கடைக்காரருடைய மார்க் அல்ல. இதே போல 'அக்மார்க்' முத்திரையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தரத்துக்குச் சர்க்கார் கொடுக்கும் அத்தாட்சி. சரக்கு யாருடையது என்பதை அது சொல்லாது.

மூன்றாவதாகச் சுவாமி பெயர். நம் ஊரில் பத்துக் கடைக்கு ஐந்து கடை சுவாமி பெயர்தான். வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அம்பாள் பொடியே சாட்சி. ஆனால் ஆயிரம் பேர் வைத்திருக்கும் பெயரில் தனி உரிமை கொண்டாடுவது கடினம். பீஹாரில் 'இராமாயண்' என்ற பெயரில் ஊதுபத்தி விற்ற ஒருவர் அந்தப் பெயரைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ளப் பார்த்தார். ஒரு மதத்தின் புனித நூலின் பெயரைச் சரக்குக்கு டிரேட் மார்க்காகத் தனி ஒருவர் கோர முடியாது என்று ஸுப்ரீம் கோர்ட்டு 2015-இல் சொல்லிவிட்டது.

பின் எந்தப் பெயரைத்தான் வைப்பது? சரக்குக்கும் பெயருக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. அந்த அம்மாள் 'தூக்கணாங்குருவி' என்று வைக்கட்டும். கூட்டோடு ஒரு படமும் போடட்டும். ஊறுகாய்க்கும் குருவிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இல்லாததனால்தான் அது பலமான குறி. நாளைக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் 'தூக்கணாங்கிளி ஊறுகாய்' என்று ஆரம்பித்தால், அவருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. பெயர் வைக்கிறவர்கள் ஊறுகாயைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை விளம்பரத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

தூங்கினவர் பட்ட நஷ்டம்

நல்ல பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதுமா? 'அமிர்ததாரா' என்ற மருந்தின் சரித்திரத்தைக் கேளுங்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் வடநாட்டில் வீட்டுக்கு வீடு வைத்திருந்த மருந்து. 1901-ஆம் வருஷத்திலிருந்து லாகூரில் தயாராயிற்று. தேசப் பிரிவினையின்போது லாகூர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. மருந்துக்காரர்கள் டேராடூனுக்கு வந்து மறுபடியும் தொழிலை நடத்தினார்கள். கட்டடத்தையும் நிலத்தையும் எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்களிடம் எஞ்சி நின்ற பெரிய சொத்து அந்தப் பெயர்தான்.

கான்பூரில் வேறொருவர் அதே மாதிரி உபாதைகளுக்கு 1923 முதல் 'லக்ஷ்மணதாரா' என்ற மருந்தை விற்று வந்தார். 1950-இல் அவர் பதிவுக்கு மனுச் செய்தார். வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து 1962-இல் முடிந்தது. ஒன்று அமிர்தத்தின் பெருக்கு, மற்றொன்று லக்ஷ்மணனுடைய பெருக்கு. அர்த்தத்தில் சம்பந்தமே இல்லையே என்று வாதித்தார்கள். நீதிபதிகள் ஒப்பவில்லை. சாதாரண புத்தியும் அரைகுறை நினைவும் உள்ள கிராமவாசி மருந்தின் பெயரைப் பதம் பிரித்து அர்த்தம் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். மொத்த ஓசையையும் மருந்தின் தன்மையையும் கொண்டு ஏமாந்து போவார் என்றார்கள்.

இவ்வளவும் அமிர்ததாராவுக்கு ஜயம். ஆயினும் தீர்ப்பின் முடிவு வேறு. பல வருஷ காலமாக லக்ஷ்மணதாரா விற்பனையாகி வந்ததை அறிந்தும் அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்ற காரணத்தால், உத்தரப் பிரதேசத்தின் எல்லைக்குள் மட்டும் லக்ஷ்மணதாராவுக்குப் பதிவு அனுமதிக்கப்பட்டது. போலி என்று நினைப்பதைக் கண்ணால் கண்டும் 'நமக்கென்ன, சின்ன வியாபாரிதானே' என்று இருந்தால் சட்டம் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளும்.

பதிவு செய்கிற முறை

இனிமேல் நம் கும்பகோணத்து அம்மாள் செய்ய வேண்டியது என்ன என்று பார்க்கலாம்.

முதற் காரியம் தேடிப் பார்ப்பது. டிரேட் மார்க் ரிஜிஸ்திரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் தேடலாம். எழுத்து ஒற்றுமையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. ஓசை ஒற்றுமையையும் பார்க்க வேண்டும். ஆண்டாள் பொடிக்காரருக்கு நேர்ந்தது இங்கே ஞாபகம் வரட்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாமாகையால் நாலு விதமாகவும் தேடுவது நலம்.

இரண்டாவது, வகுப்பு. உலகத்துச் சரக்குகளையெல்லாம் 34 வகுப்புகளாகவும் சேவைகளை 11 வகுப்புகளாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள். துணி 24, உடை 25, மருந்து 5, சோப்பும் ஊதுபத்தியும் 3, காப்பிப் பொடி 30, மூக்குப் பொடி 34, ஹோட்டல் 43. ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. அதே அம்மாள் அதே அடுப்பங்கரையில் அதே மிளகாயைக் கொண்டு மசாலாப் பொடி இடித்தால் அது 30-ஆம் வகுப்பு! ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். சமையலறையை இப்படிக் கூறுபோட்ட புண்ணியவான் அடுப்பு மூட்டியறியாதவராகத்தான் இருக்க வேண்டும். எதிர்காலத்தில் செய்யப்போகும் சரக்கையும் யோசித்து வகுப்பைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, மனு. தமிழ்நாட்டார் சென்னைக் கிண்டியில் உள்ள ரிஜிஸ்திரிக் கிளையில் மனுச் செய்ய வேண்டும். நேரில் போகாமல் கணினி மூலமாகவும் அனுப்பலாம். 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்குக் கட்டணம் கணினி வழியில் 4,500 ரூபாய், காகித வழியில் 5,000 ரூபாய். மற்றவர்களுக்கு முறையே 9,000, 10,000. இனிமேல் உபயோகிக்கப்போகிற பெயருக்கும் மனுச் செய்யலாம். ஏற்கெனவே உபயோகத்தில் இருந்தால் எந்தத் தேதியிலிருந்து என்பதைச் சொல்லி, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்க வேண்டும். ஆதாரம் என்றால் பழைய ரசீது, பழைய விளம்பரம், அச்சுக்கூடத்துப் பில் முதலியவை. நம்மவர்கள் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது முதலில் பழைய காகிதக்காரனுக்குப் போடுவது இவற்றைத்தான்! பிற்காலத்தில் வழக்கு என்று வந்தால், 'நான் முந்தி உபயோகித்தேன்' என்பதற்கு அந்த மஞ்சள் பூத்த ரசீதுதான் சாட்சி. முந்தி உபயோகித்தவருக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு. பிறகு ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டாலும் முந்தியவருடைய உபயோகத்தை அவர் தடுக்க முடியாது.

மனுவை ஓர் அதிகாரி பரிசீலித்துத் தம் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அநேகமாக எல்லோருக்கும் ஏதாவது ஓர் ஆட்சேபம் வரும். ஆனால் ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டு மனுவை இழந்தவர்கள் அநேகர். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எல்லாம் சரியானால் டிரேட் மார்க் ஜர்னல் என்ற சர்க்கார் பத்திரிகையில் பெயர் பிரசுரமாகும். அது திங்கட்கிழமைதோறும் வெளிவருகிறது. பிரசுரமான நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் இரண்டு மாதத்துக்குள் பதிலறிக்கை கொடுக்காதவருடைய மனு கைவிடப்பட்டதாகவே கருதப்படும். எதிர்ப்பு இல்லாவிட்டால் பதிவுப் பத்திரம் கிடைக்கும். உரிமை, பத்திரம் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல, மனுச் செய்த தேதியிலிருந்தே கணக்கு. ஆகையால் ஒரு மாதம் தாமதிப்பதும் ஒரு மாத உரிமையை விட்டுக்கொடுப்பதுதான்.

பத்திரம் வருவதற்கு முன் ஆங்கில 'டி எம்' என்ற இரண்டு எழுத்தைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போடுவதோ பதிவான பிறகுதான். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது சட்டப்படி தவறு. பலர் அழகுக்காக அதை அச்சடித்துக்கொள்கிறார்கள். கம்பெனிப் பதிவோ, வரி எண்ணோ, உணவு லைசென்ஸோ இருந்துவிட்டால் பெயரும் தமக்கே சொந்தம் என்று எண்ணுவோரும் உண்டு. அவை வெவ்வேறு ஆபீஸ், வெவ்வேறு விஷயம். பெயருக்கு ரிஜிஸ்திரி ஒன்றுதான்.

பதிவே செய்யாதவர் கதி என்ன? அவருக்கும் கோர்ட்டு வாசல் திறந்தே இருக்கிறது. தம் சரக்கைப் பிறர் சரக்கென்று ஏமாற்றி விற்கிறவரைத் தடுக்கப் பழைய பொது நியாயம் இன்னும் உயிரோடிருக்கிறது. 1999-ஆம் வருஷத்துச் சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அங்கே சுமை முழுவதும் அவர் தலையில். தமக்குக் கீர்த்தி உண்டு என்று ருசுப்பிக்க வேண்டும். ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்று ருசுப்பிக்க வேண்டும். தமக்கு நஷ்டம் என்றும் காட்ட வேண்டும். பதிவு பெற்றவர் பத்திரத்தை நீட்டினால் வழக்கு அங்கிருந்து ஆரம்பமாகும். வக்கீல் பீஸைக் கணக்குப் பார்த்தால் 4,500 ரூபாய் மலிவு.

பத்திரத்துக்கு ஆயுள் 10 வருஷம். 10 வருஷத்துக்கு ஒரு தடவை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் உரிமைக்கு முடிவே இல்லை. புதுக் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் பேடண்டு உரிமை 20 வருஷத்தில் காலமாகிவிடுகிறது. பெயரோ பேரன் காலத்திலும் நிற்கும். ஆனால் பதிவான பிறகு தொடர்ந்து 5 வருஷத்துக்கு மேல் உபயோகிக்காமல் போட்டு வைத்தால், வேறொருவர் மனுச் செய்து அதை ரிஜிஸ்தரிலிருந்து நீக்கிவிடலாம். நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் பட்டா நிற்கும். பெயரைத் தரிசாகப் போட்டால் நிற்காது.

அளவுக்கு மீறிப் புகழ் வந்தாலும் ஆபத்துத்தான். நம் வீடுகளில் வனஸ்பதி என்று யார் சொன்னார்கள்? யாருடைய தயாரிப்பானாலும் 'டால்டா' என்றுதான் பெயர். காகிதத்தைப் பிரதி எடுப்பதற்கு இன்றைக்கும் 'ஜெராக்ஸ்' என்கிறோம். அது ஒரு கம்பெனியின் பெயர் என்பதையே மறந்துவிட்டோம். அமெரிக்காவில் 'ஆஸ்பிரின்' என்ற பெயரை பேயர் கம்பெனியார் இப்படித்தான் 1921-இல் கோர்ட்டில் பறிகொடுத்தார்கள். பெயர் சரக்குக்கே பொதுப் பெயராகிவிட்டால் சொந்தக்காரருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகையால் அந்த அம்மாள் சீட்டில் 'தூக்கணாங்குருவி' என்று மட்டும் அச்சடிக்காமல் 'தூக்கணாங்குருவி மார்க் ஊறுகாய்' என்றே எப்போதும் அச்சடிப்பது நல்லது.

புதுப்பிக்கும் மனுவைக் கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னதாகவே கொடுக்கலாம். கெடு தாண்டி ஆறு மாதம் வரையில் அபராதத்தோடு வாங்கிக்கொள்வார்கள். பத்து வருஷம் கழித்து வரும் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்வது மனுஷ சாத்தியமல்ல. வீட்டுப் பத்திரம், நகைச் சீட்டு, குழந்தைகளின் ஜாதகம் இவற்றோடு இந்தப் பத்திரத்தையும் சேர்த்து வைத்து, கெடுத் தேதியைப் பெட்டியின் மூடியில் உட்புறமாகக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டியது.